ரிச்சர்ட்சன் சூத்திரத்துக்கும் என் வைரப் படலத்துக்கும் 12,000 மடங்கு வித்தியாசம். எங்கே தப்பு?

பொறி (ஞாயிறு, இரவு 9:40)

எல்லோருக்கும் வணக்கம். ஆய்வு மாணவி நான். சூடான பொருளிலிருந்து எவ்வளவு எலக்ட்ரான் மின்னோட்டம் வரும் என்று சொல்கிற ரிச்சர்ட்சன் சூத்திரத்தோடு இரண்டு வாரமாக ஒரு கணக்கு உதைக்கிறது.

மாலிப்டினம் தட்டின் மேல் நைட்ரஜன் மாசூட்டிய (கொஞ்சம் நைட்ரஜன் கலந்த) வைரப் படலம் வளர்த்தேன். மைக்ரோவேவ் பிளாஸ்மா முறைதான். வளர்ந்த பிறகு கொஞ்ச நேரம் வெறும் ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் வைத்து மேற்பரப்பை ஹைட்ரஜனால் மூடியாயிற்று. வெற்றிட அறைக்குள் படலத்துக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி, எலக்ட்ரானை வாங்க ஒரு ஆனோடு, அதற்கு 20 வோல்ட். 450 டிகிரி செல்சியஸில் தொடங்கி 650 வரை மெதுவாகச் சூடாக்கிக்கொண்டே மின்னோட்டத்தைக் குறித்தேன்.

எல்லோரும் செய்கிற மாதிரி, மின்னோட்ட அடர்த்தியை வெப்பநிலையின் வர்க்கத்தால் வகுத்து, அதன் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தேன். நல்ல நேர்கோடு வந்தது. சரிவு தருகிற வெளியேற்று ஆற்றல், அதாவது எலக்ட்ரான் வெளியே வரத் தேவையான ஆற்றல், 1.4 எலக்ட்ரான் வோல்ட் (இனி எ.வோ. என்று எழுதுகிறேன்). சந்தோஷப்பட்டேன். ஆனால் 1.4-ஐயும் புத்தகத்து மாறிலி 120-ஐயும் சூத்திரத்தில் போட்டால் 600 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 0.76 ஆம்பியர் வர வேண்டும். எனக்கு வந்தது 63 மைக்ரோஆம்பியர். கோடு வெட்டுகிற இடத்திலிருந்து கணக்கிட்டால் மாறிலி 120 இல்லை, 0.01.

12,000 மடங்கு! கருவி பழுதா, படலம் பழுதா, என் புரிதல் பழுதா?

மழைத்துளி (ஞாயிறு, இரவு 10:05)

கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறேன், ஆனால் வைரத்தைப் பற்றி அதிகம் தெரியாது. முதலில் ஒரு அடிப்படைக் கேள்வி. வைரம் ஒரு மின்கடத்தாப் பொருள். ஆற்றல் இடைவெளியே 5.47 எ.வோ. டங்ஸ்டனிலிருந்தே 2,500 கெல்வின் தாண்டினால்தான் எலக்ட்ரான் ஒழுங்காக வரும். 600 டிகிரியில் வைரத்திலிருந்து எப்படி வருகிறது?

அகல்விளக்கு (ஞாயிறு, இரவு 10:50)

நல்ல கேள்வி, இதைச் சொல்லாமல் பொறியின் கேள்விக்குள் போக முடியாது.

டங்ஸ்டன் போன்ற உலோகத்தில் எலக்ட்ரான்கள் ஒரு கிணற்றுக்குள் இருக்கின்றன. கிணற்றின் விளிம்புதான் வெளி. விளிம்பு வரை ஏற 4.5 எ.வோ. வேண்டும். பெரும்பாலான குறைகடத்திகளிலும் கடத்துப் பட்டைக்கு (ஆற்றல் இடைவெளிக்கு மேலே, எலக்ட்ரான் தாராளமாக நகரும் மட்டங்கள்) மேலே இன்னும் கொஞ்சம் ஏறினால்தான் வெளி. வைரத்தின் மேற்பரப்புக் கார்பன் அணுக்களோடு ஹைட்ரஜன் பிணைந்திருந்தால் கதையே மாறுகிறது. வெளி, கடத்துப் பட்டையின் அடித்தளத்தைவிட ஏறக்குறைய 1 எ.வோ. கீழே போய்விடுகிறது. இதைத்தான் எதிர்க்குறி எலக்ட்ரான் நாட்டம் என்கிறோம். 1979-ல் ஹிம்ப்செலும் கூட்டாளிகளும் வைரத்தின் 111 முகத்தில் முதன்முதலில் இதைக் காட்டினார்கள். கடத்துப் பட்டைக்கு வந்து சேர்ந்த எலக்ட்ரானை மேற்பரப்பில் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை, வாசல் திறந்தே கிடக்கிறது.

அப்படியானால் கேள்வி, கடத்துப் பட்டைக்கு எலக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதுதான். அதற்குத்தான் மாசூட்டல்.

நைட்ரஜன் சுலபமாகப் படலத்துக்குள் போகும், ஆனால் அதன் கொடையாளி மட்டம் (எலக்ட்ரானைக் கொடுக்கும் மட்டம்) கடத்துப் பட்டைக்கு 1.7 எ.வோ. கீழே, ஆழத்தில் கிடக்கிறது. பாஸ்பரஸ் 0.6-க்குச் சற்றுக் குறைவு, எவ்வளவோ மேல். ஆனால் அதை வைரத்துக்குள் ஒழுங்காக உட்கார வைக்க 1997 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஜப்பானில் கொய்சுமி குழு செய்தது. பாஸ்பீன் வாயு கொடிய நஞ்சு என்பதால் எல்லா ஆய்வகத்திலும் அது நடக்காது.

டங்ஸ்டனோடு ஒப்பிடுங்கள். பொறி அளந்த அதே 600 டிகிரியில், ஒரு சதுர சென்டிமீட்டர் டங்ஸ்டனிலிருந்து விநாடிக்கு மூன்று எலக்ட்ரான் வரும். மூன்றே மூன்று. பொறியின் படலத்திலிருந்து விநாடிக்கு 390 லட்சம் கோடி வந்திருக்கிறது. அதனால் பொறி, முதலில் மனதைத் தளரவிடாதே அம்மா. உன் படலம் வேலை செய்கிறது.

கணக்கன் (திங்கள், காலை 7:15)

போரானை விட்டுவிட்டீர்களே. வைரத்தில் மிகச் சுலபமாகக் கலப்பது அதுதான்.

அகல்விளக்கு (திங்கள், காலை 7:40)

போரான் ஏற்பான், அதாவது எலக்ட்ரானைக் கொடுக்காமல் வாங்கிக்கொள்ளும். ஃபெர்மி மட்டத்தை (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச மட்டம் என்று வையுங்கள்) இணைதிறன் பட்டைக்கு, அதாவது இடைவெளியின் அடி விளிம்புக்கு, பக்கத்தில், சுமார் 0.3 எ.வோ. மேலே வைத்துவிடும். 5.47-ல் 0.3 போனால் கடத்துப் பட்டைக்கு ஏற மிச்சம் 5-க்கு மேல். டங்ஸ்டனின் 4.5-ஐவிடவே அதிகம். நன்றாகக் கடத்தும், நன்றாக வளரும், ஆனால் சூட்டில் எலக்ட்ரான் உமிழ அதை நம்பிப் பயனில்லை. போரான் படலத்தில் குறைந்த வெப்பநிலையிலேயே நிறைய மின்னோட்டம் வருகிறது என்று யாராவது காட்டினால், கூரான முனைகளில் மின்புலம் குவிந்து வருகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

கணக்கன் (திங்கள், காலை 8:30)

சரி, 12,000-க்கு வருவோம். முதல் சந்தேகம் ஸ்பேஸ் சார்ஜ். வெளியே வந்த எலக்ட்ரான்களே ஒரு மேகமாக நின்று அடுத்து வருவதைத் தள்ளும். இடைவெளி அரை மில்லிமீட்டர், 20 வோல்ட். சைல்ட்–லாங்மியூர் விதிப்படி இந்த அமைப்பு சதுர சென்டிமீட்டருக்கு 83 மில்லிஆம்பியர் வரை விடும். நீங்கள் அளந்தது 63 மைக்ரோ. ஆயிரம் மடங்குக்கு மேல் இடம் இருக்கிறது. ஸ்பேஸ் சார்ஜ் குற்றவாளி இல்லை.

இன்னொன்று, படலம் சூத்திரப்படியே நடந்திருந்தாலும் 0.76 ஆம்பியரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. 83 மில்லியில் முட்டி நின்றிருக்கும்.

பொறி (திங்கள், காலை 9:10)

இந்தக் கணக்கை நான் போடவே இல்லை. நன்றி அண்ணா. படலத்தின் மின்தடையும் காரணமில்லை என்று நினைக்கிறேன், 63 மைக்ரோஆம்பியருக்குப் பெரிய வோல்ட் இழப்பு வராது. ஆனோடு மின்னழுத்தத்தை 20-லிருந்து 40 ஆக்கினால் மின்னோட்டம் கொஞ்சம்தான் கூடுகிறது.

பழைய வானொலி (திங்கள், மதியம் 1:20)

கோயம்புத்தூர்க்காரன். நாற்பது வருடமாக வால்வு ரேடியோ பழுது பார்க்கிறேன். வைரம் எனக்குப் புதிது, ஆனால் சூட்டில் எலக்ட்ரான் வருவது எனக்குச் சோறு போட்ட விஷயம். ஒன்று சொல்லலாமா?

வால்வு காலத்துப் பாடப் புத்தகங்களில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். டங்ஸ்டன்: மாறிலி 60, வெளியேற்று ஆற்றல் 4.52. தோரியம் கலந்த டங்ஸ்டன்: 3, 2.63. ஆக்சைடு பூச்சு: 0.01, 1.0. கடைசி வரியைப் பாருங்கள். 0.01. இந்தப் பெண் அளந்த அதே எண்.

ஆக்சைடு கேத்தோடு (வால்வில் எலக்ட்ரான் உமிழும் முனை) வேறொன்றும் இல்லை, நிக்கல் குழாய் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடு பூசியது. 1904-ல் வேனெல்ட் கண்டுபிடித்தது. வீட்டு ரேடியோவில் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது அதுதான். அரை நூற்றாண்டு உலகத்து ரேடியோ எல்லாம் 0.01-ல்தான் பாடியது. புத்தகத்து 120 அந்த அட்டவணையில் எதற்கும் இல்லை, டங்ஸ்டனுக்கே பாதிதான்.

பொறி (திங்கள், மதியம் 1:45)

ஐயா, இந்த அட்டவணையை யாரும் எனக்குக் காட்டவில்லை. பெரிய பாரம் இறங்கியது போல இருக்கிறது. ஆனால் ஏன்? ஆக்சைடில் ஏன் 0.01?

கணக்கன் (திங்கள், மாலை 6:30)

இங்கேதான் விஷயமே இருக்கிறது, கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

சூத்திரத்தை நேர்கோடாக வரையும்போது நாம் வாய்விட்டுச் சொல்லாத ஒரு அனுமானம் வைக்கிறோம், வெளியேற்று ஆற்றல் வெப்பநிலையோடு மாறாது என்று. உலோகத்தில் அது ஏறக்குறைய சரி. குறைகடத்தியில் சரியில்லை. சூடேறச் சூடேற ஃபெர்மி மட்டம் கீழே இறங்கும், இடைவெளியின் நடுவை நோக்கிப் போகும். மேற்பரப்பில் பட்டைகள் வளைந்திருக்கும் அளவும் மாறும். தடை, அதாவது வெளியே வர எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல், ஒரு டிகிரிக்கு இவ்வளவு என்று சீராக ஏறினால், அந்த ஏற்றம் கோட்டின் சரிவில் தெரியவே தெரியாது. கோடு அழகாக நேராகவே இருக்கும். ஏற்றம் முழுவதும் மாறிலிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். சரிவு சொல்வது, கோட்டை பூஜ்ஜியம் கெல்வின் வரை நீட்டினால் என்ன தடை இருக்கும் என்பதை மட்டும்தான்.

பொறியின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். 120-ஐ 0.01 ஆக்க, தடை ஒவ்வொரு கெல்வினுக்கும் 0.0008 எ.வோ. ஏற வேண்டும். 600 டிகிரி என்பது 873 கெல்வின், அங்கே ஏற்றம் 0.71. ஆக 600 டிகிரியில் எலக்ட்ரான் உண்மையில் பார்க்கிற தடை 1.4 இல்லை, 2.1. அந்த 2.1-ஐ 120-ஓடு போடுங்கள், 63 மைக்ரோஆம்பியர் அப்படியே வரும்.

இது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு. தடை 1.4-தான், ஆனால் பரப்பில் 12,000-ல் ஒரு பங்குதான் உமிழ்கிறது, மீதி சும்மா இருக்கிறது. கோட்டை மட்டும் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது.

மழைத்துளி (திங்கள், மாலை 7:05)

அப்படியானால் "வெளியேற்று ஆற்றல் 0.9" என்று அறிவித்த ஆய்வு? பாஸ்பரஸ் படலத்தில் என்று படித்த நினைவு.

அகல்விளக்கு (திங்கள், இரவு 9:30)

2009-ல் வந்தது. அரிசோனாவின் நெமானிச் குழுவும் பெல்ஜியத்தில் ஹாசெல்ட் பல்கலைக்கழகக் குழுவும் சேர்ந்து செய்தார்கள். அந்த அளவீட்டை நான் மதிக்கிறேன். 400 டிகிரிக்குக் கீழேயே மின்னோட்டம் தெரிந்தது பெரிய விஷயம். ஆனால் 0.9-ஐ மட்டும் பிடுங்கி எடுத்து, பக்கத்தில் இருக்கிற மாறிலியைப் படிக்காமல், "டங்ஸ்டனைவிட ஐந்து மடங்கு சிறந்தது" என்று ஆளாளுக்கு எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 0.9-ம் 120-ம் சேர்ந்திருந்தால் 500 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு நூறு ஆம்பியர் பக்கம் கொட்ட வேண்டும். யாரும் அப்படி அளந்ததில்லை. எந்த வெப்பநிலையில் எவ்வளவு மின்னோட்டம் என்று கேளுங்கள், அந்த ஒரு எண் ஏமாற்றாது.

பொறி, இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நைட்ரஜன் 1.7 ஆழத்தில் இருக்கிறது. எதிர்க்குறி நாட்டம் வாசலைத் திறந்து வைக்கலாம், ஆனால் எலக்ட்ரான் முதலில் கடத்துப் பட்டைக்கு ஏறித்தானே ஆக வேண்டும்? வெளி அதற்குக் கீழே இருப்பதால் ஏற்றம் குறைந்துவிடாது. அப்படியிருக்க 1.4 எப்படி வந்தது? 650 வரை ஏற்றினாய் என்றாயே, இறக்கும்போது அளந்தாயா?

பொறி (திங்கள், இரவு 10:15)

இல்லை அக்கா. ஏற்றும்போது மட்டும்தான். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் ஹீட்டரை அணைத்துவிட்டேன்.

அகல்விளக்கு (திங்கள், இரவு 10:40)

இறக்கும்போது அளந்து பார். என் சந்தேகம் ஹைட்ரஜன் மேல். அது வைரப் பரப்பை விட்டு மொத்தமாகக் கழல்வது இன்னும் மேலே, ஆயிரம் டிகிரியை நெருங்கும்போதுதான். ஆனால் மணிக்கணக்கில் சூட்டில் வைத்தால் அதற்கு வெகு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். வெற்றிடம் சுத்தமாக இல்லையென்றால் மிச்ச நீராவியும் ஆக்சிஜனும் அந்த இடத்தைப் பிடிக்கும். ஆக்சிஜன் உட்கார்ந்தால் நாட்டம் நேர்க்குறியாகிவிடும், வாசல் மூடிவிடும்.

இது கோட்டில் எப்படித் தெரியும் என்று யோசி. சூடான முனைக்கு நீ போய்ச் சேரும்போது உமிழும் பரப்பு கொஞ்சம் செத்திருக்கும். வர வேண்டிய மின்னோட்டத்தைவிடக் குறைவாக வரும். கோட்டின் சூடான முனை தாழும், சரிவு குறையும். வெளியேற்று ஆற்றல் குறைவாகத் தெரியும், கூடவே மாறிலியும் சரியும். படலம் பாழாகிக்கொண்டிருக்கும்போது எண் அழகாகிக்கொண்டே போகும். எனக்கே ஒரு முறை இது நடந்திருக்கிறது. நல்ல எண் வந்ததென்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பழைய வானொலி (செவ்வாய், காலை 6:50)

வால்வில் இதற்குக் கேத்தோடு நஞ்சாதல் என்று பெயர். ஆக்சைடுக்கும் ஆக்சிஜன், நீராவி இரண்டும் ஆகாது. வால்வின் உச்சியில் வெள்ளி மாதிரி ஒரு பூச்சு தெரியும் இல்லையா, கெட்டர், அது உள்ளே மிஞ்சியிருக்கும் வாயுவை விழுங்கத்தான் இருக்கிறது. வால்வுக்குள் காற்று புகுந்தால் அந்த வெள்ளி பால் வெள்ளையாகிவிடும். உங்கள் அறையிலும் அப்படி ஏதாவது வைக்க முடியுமா?

கணக்கன் (செவ்வாய், காலை 8:00)

வெப்பநிலையை எதில் அளக்கிறீர்கள்? பைரோமீட்டர் (சூட்டில் வரும் ஒளியைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் கருவி) என்றால் கவனம். வைரம் அகச்சிவப்பை ஏறக்குறைய அப்படியே ஊடுருவ விடும், நீங்கள் பார்ப்பது அடியில் இருக்கிற மாலிப்டினத்தை. படலத்தின் தடிமனைப் பொறுத்துக் குறுக்கீட்டு விளைவும் சேரும். 600 டிகிரியில் 30 டிகிரி பிழை என்றால் மின்னோட்டம் இரண்டு மடங்கு மாறும். அது 12,000-ஐ விளக்காது, ஆனால் பிழை வெப்பநிலையோடு வளர்ந்தால் சரிவு கெடும். சரிவில் 0.1 எ.வோ. தவறினால் மாறிலி நாலு மடங்கு நகரும்.

மழைத்துளி (செவ்வாய், காலை 8:20)

நடுவில் ஒரு சந்தேகம். இவ்வளவு பாடுபட்டு இதை எதற்குப் பயன்படுத்துவார்கள்? மாணவர்கள் கேட்டால் சொல்ல வேண்டும்.

கணக்கன் (செவ்வாய், காலை 9:00)

வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்க. சுற்றுகிற பாகம் எதுவும் கிடையாது. சோவியத் ஒன்றியம் டோபாஸ் என்ற அணு உலையை 1987-ல் காஸ்மாஸ் 1818, 1867 செயற்கைக்கோள்களில் அனுப்பியது, அதில் இந்த முறைதான். ஆனால் அதற்கு மிக உயர்ந்த வெப்பம் வேண்டும், ஸ்பேஸ் சார்ஜைக் கலைக்க சீசியம் ஆவியும் வேண்டும். வைரம் வந்தால் 500, 600 டிகிரி வெப்பத்திலேயே செய்யலாமே என்பது ஆசை.

ஒரு முடிச்சு உண்டு. கிடைக்கிற மின்னழுத்தம், உமிழும் தட்டுக்கும் வாங்கும் தட்டுக்கும் உள்ள வெளியேற்று ஆற்றல் வித்தியாசம் அளவுக்குத்தான். உமிழ்வது 0.9 என்றால் வாங்குவது அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதனால் வைரத்தை வாங்கும் பக்கம் வைப்பதுதான் நல்லது என்பது என் கட்சி.

பொறி (சனி, மாலை 5:30)

எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். அதே தட்டில் இன்னொரு துண்டை எடுத்து, மறுபடி ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் வைத்து, புதிதாக ஆரம்பித்தேன். அறையை இரண்டு நாள் சூடாக்கி வாயுவை வெளியேற்றினேன். வெப்பநிலையை அளக்கத் தெர்மோகப்புளை மாலிப்டினத்தில் துளை போட்டுச் செருகிவிட்டேன். 550 டிகிரியைத் தாண்டவில்லை. ஏற்றும்போதும் அளந்தேன், இறக்கும்போதும் அளந்தேன்.

இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தன. சரிவு 1.6. மாறிலி 0.17. 550 டிகிரியில் 18 மைக்ரோஆம்பியர்.

அப்புறம் பழைய துண்டையும் மறுபடி எடுத்து 650 வரை ஏற்றி இறக்கினேன். இறக்கும்போது 550-ல் மின்னோட்டம், ஏற்றும்போது வந்ததில் பாதிகூட இல்லை. அக்கா சொன்னது சரி. 1.4 செத்துக்கொண்டிருந்த பரப்பின் எண். அதை ஆய்வறிக்கையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

அகல்விளக்கு (சனி, மாலை 6:10)

எடுக்காதே. இரண்டு கோட்டையும் ஒரே படத்தில் போடு. அடுத்து வருகிறவர்களுக்கு அதுதான் உதவும்.

1.6, 1.7-க்குப் பக்கத்தில் இருக்கிறது என்று உடனே நைட்ரஜன் மட்டத்தோடு முடிச்சுப் போட்டுவிடாதே. பட்டை வளைவு இருக்கிறது, கணக்கன் சொன்ன வெப்பநிலை ஏற்றம் இருக்கிறது, துகள்களின் எல்லையில் கிராஃபைட் மாதிரிக் கார்பன் வழியாகவும் எலக்ட்ரான் வரலாம். மீத்தேன் கொஞ்சம் உள்ளே விட்டால் மின்னோட்டம் கூடுவதாக நெமானிச் குழு 2011-ல் காட்டியது. உன் அறையில் அதைச் செய்து பார்க்க முடிந்தால் நல்லது.

கணக்கன் (சனி, இரவு 7:00)

0.17-க்கும் 120-க்கும் இன்னும் 700 மடங்கு இருக்கிறது. ஏறும் தடையா, திட்டுத் திட்டாக உமிழ்கிறதா என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

பழைய வானொலி (சனி, இரவு 7:45)

திட்டா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிடலாமே அம்மா. ஆனோடுக்குப் பதில், பச்சைப் பாஸ்பர் பூசிய கடத்தும் கண்ணாடி. டிவி படக்குழாயில் நடப்பதுதான். எலக்ட்ரான் வருகிற இடம் ஒளிரும்.

பொறி (சனி, இரவு 8:20)

ஐயா, பாஸ்பர் ஒளிர ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டுமே. அரை மில்லிமீட்டரில் தீப்பொறி பறக்காதா? மின்புல உமிழ்வும் கலந்துவிடும்.

பழைய வானொலி (சனி, இரவு 8:40)

தள்ளி வையுங்கள். ஐந்து மில்லிமீட்டர், இரண்டாயிரம் வோல்ட். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் திட்டு தெரியும்.

கணக்கன் (சனி, இரவு 9:05)

வெப்பநிலையை 525-க்குக் கீழே வையுங்கள். அதற்கு மேல் போனால் தட்டே மங்கலாகச் சிவந்து ஒளிர ஆரம்பிக்கும், எது பாஸ்பர் எது தட்டு என்று குழம்பும். உங்கள் புதுக் கோட்டின்படி 500 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்கு 4 மைக்ரோஆம்பியர் இருக்கிறது. இருட்டறையில் அது தாராளம்.

பொறி (சனி, இரவு 9:30)

கண்ணாடித் தட்டு எங்கள் துறையிலேயே ஒன்று இருக்கிறது, பூச்சுதான் வாங்க வேண்டும். திங்கட்கிழமை கேட்கிறேன். முதல் படம் எடுத்ததும் இங்கேயே போடுகிறேன்.